ரீல்ஸுக்குப் பூட்டு போட்டும் நிற்கவில்லையா? ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி

மாமா பையன் போன மாதம் வீட்டுக்கு வந்தபோது போனை என் முன்னால் நீட்டினான். "அண்ணே, டைமர் வேலையே செய்யல. வேற நல்ல ஆப் இருந்தா போட்டுக் குடுங்க." வாங்கிப் பார்த்தேன். டைமர் ஒழுங்காகத்தான் வேலை செய்திருந்தது. அரை மணி நேரம் முடிந்ததும் இன்ஸ்டாகிராம் ஐகான் சாம்பல் நிறமாகி நின்றிருக்கிறது. இவன் செட்டிங்ஸுக்குள் போய் டைமரை எடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறான். அன்று மட்டும் நான்கு தடவை. அது போக, வெவ்வேறு பெயரில் மூன்று தடுப்பு ஆப்களும் அவன் போனில் தூங்கிக்கொண்டிருந்தன.

கூரை ஒழுகினால் வீடு முழுக்க ஓடு மாற்ற மாட்டோம், எந்த ஓட்டில் விரிசல் என்று பார்ப்போம். இதுவும் அப்படித்தான். பூட்டு போடுகிறவரும் சாவி வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்கும்போது பூட்டு மேல் பூட்டு வாங்கி என்ன பயன்? நேற்று எந்த வழியாக உள்ளே போனீர்களோ, அந்த வழியை அடையுங்கள். கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் என்னிடம் வந்த, அல்லது நானே சொல்லிக்கொண்ட ஒரு புகார். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போங்கள். மெனு பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும், பதற வேண்டாம்.

முதலில் ஒரு நிமிடம் கணக்குப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம். இரண்டும் 2018இல் வந்தவை, அதனால் கையில் இருக்கும் போனில் அநேகமாக இருக்கும். எந்த ஆப், எந்த மணி நேரத்தில், ஒரு நாளில் எத்தனை தடவை போனைத் திறந்தீர்கள் என்ற மூன்றையும் தாளில் எழுதுங்கள். போனை எடுத்ததும் முதலில் எந்த ஆப்புக்குப் போகிறீர்கள் என்பதையும் ஐபோன் காட்டும், அது நல்ல துப்பு. நான் என் எதிரி ஃபேஸ்புக் என்று வருஷக்கணக்கில் நினைத்திருந்தேன். பார்த்தால் ஃபேஸ்புக் பதினைந்து நிமிஷம்தான். ராத்திரி பத்தே முக்காலுக்கு மேல் யூடியூப் ஒன்றே முக்கால் மணி நேரம். தப்பான கதவில் பூட்டு போட்டிருந்தேன்.

"நேரம் முடிந்ததும் நானே டைமரை எடுத்துவிடுகிறேன்"

நூற்றில் எண்பது பேருக்கு வியாதி இதுதான் என்பேன், கணக்கெடுத்துச் சொல்லவில்லை.

ஐபோன்காரர்களுக்கு வேலை சுலபம். நேரம் முடிந்ததும் வரும் திரையில் "இன்று மட்டும் கண்டுகொள்ளாதே" என்று அர்த்தப்படும் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பழகிவிட்டால் லிமிட் வைத்ததற்கே அர்த்தமில்லை. ஸ்கிரீன் டைமுக்கு ஒரு பாஸ்கோட் போடுங்கள். போட்ட பிறகுதான், ஆப் லிமிட்டுக்குள் "நேரம் முடிந்ததும் தடு" என்ற ஸ்விட்ச் தலைகாட்டும். அதை ஆன் செய்தால் பாஸ்கோட் இல்லாமல் தாண்ட முடியாது. இந்த நான்கு இலக்கத்தை நீங்கள் போடக் கூடாது. போனை இன்னொருவரிடம் கொடுத்து, அவரைப் போடச் சொல்லிவிட்டு நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி நில்லுங்கள். அடுத்து, மறந்தால் மீட்க ஆப்பிள் கணக்கைக் கேட்கும். அங்கே உங்கள் கணக்கைக் கொடுத்தால் பின்வாசல் திறந்தது மாதிரி. கொடுக்காமல் தாண்டலாம். தாண்டினால் மறதிக்கு மருந்து கிடையாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் டைமரை எடுக்கப் பெரும்பாலான போன்கள் கோட் எதுவும் கேட்பதில்லை. நான் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். சாம்பல் ஐகானிலிருந்து ரீல்ஸ் ஓடும் வரை ஒன்பது நொடி. ஆகவே டைமரை ஒரு மணி அடிப்பது போல மட்டும் வைத்துக்கொண்டு, பூட்டை வேறு இடத்தில் போட வேண்டும். ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில், ஓர் ஆப்பைத் திறக்கத் தனிக் கோடு கேட்கும் "ஆப் லாக்" கூடவே வரும். சாம்சங்கில் அதற்குப் பதில் செக்யூர் ஃபோல்டர் என்ற பூட்டிய அறை உண்டு. இன்ஸ்டாகிராமை அதற்குள் போட்டு, வெளியே இருப்பதை அழித்துவிடுங்கள்.

இதில் மூன்று இடத்தில் கோட்டை விடுவோம். கைரேகையால் திறக்கும் வசதி ஆன் ஆக இருக்கும், சாவிக்காரர், அதாவது உங்களுக்காகக் கோடு போட்டுவைக்கும் ஆள், போட்ட கோடுக்கு வேலையே இருக்காது. முதலில் அதை அணையுங்கள். அடுத்து, ஆப் லாக் கோடும் போனைத் திறக்கும் கோடும் ஒன்றாக இருக்கக் கூடாது. மூன்றாவது, பாதுகாப்பு விஷயம்: அடுத்தவரிடம் ஒப்படைப்பது இந்த ஆப் லாக் கோடு மட்டும்தான். போனின் பின், யுபிஐ பின் எல்லாம் உங்களோடு இருக்கட்டும்.

சாவி யாரிடம்? மனைவியிடம் கொடுத்தேன். மூன்றாவது தடவை கேட்டபோது "இந்தாங்க, தொல்லை பண்ணாதீங்க" என்று திறந்து கொடுத்துவிட்டாள். அவள் மேல் குற்றமில்லை, அடுப்பில் பால் இருந்தது. இப்போது அக்காவிடம் இருக்கிறது. அக்கா பக்கத்துத் தெரு. போன் செய்தால் "எதுக்குடா?" என்பாள். அந்த "எதுக்குடா"வுக்குப் பதில் சொல்ல வெட்கப்பட்டே பாதி நாள் விட்டுவிடுகிறேன். மேன்ஷனிலோ ஹாஸ்டலிலோ தனியாக இருப்பவர்கள், கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு கோடைத் தாளில் கிறுக்கி, அதைப் பார்த்துப் போட்டுவிட்டு, தாளை ஆபீஸ் மேஜை டிராயரில் வைத்துவிடலாம். பதினொரு மணி ராத்திரிக்கு யாரும் ஆபீஸுக்குப் போவதில்லை.

"ஆப்பை அழித்தேன். குரோமில் போய்ப் பார்க்கிறேன்"

ஆப்பை அழிப்பது நல்ல ஆரம்பம். ஆனால் குரோம் உங்களை லாக்-இன் செய்தே வைத்திருக்கும். முதல் வேலை, பிரவுசரில் லாக்-அவுட். இரண்டாவது, கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜரில் சேமித்திருக்கும் அந்தக் கடவுச்சொல்லை நீக்குவது. இதை மறந்தால் அது தானாக நிரப்பிக் கொடுத்துவிடும். மூன்றாவது, கடவுச்சொல்லை நீளமாக, மனத்தில் நிற்காத மாதிரி மாற்றி, தாளில் எழுதி பீரோவில் வைப்பது. மாற்றும் முன், மீட்பு எண்ணும் மின்னஞ்சலும் இப்போது நீங்கள் பயன்படுத்துவதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போன சிம் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கணக்கையே இழந்தவர்கள் உண்டு.

இன்னும் இறுக்க வேண்டுமென்றால்: டிஜிட்டல் வெல்பீயிங்கின் குரோம் பக்கத்தில் இணையதளங்களைக் காட்டச் சொன்னால், தளம் தளமாக டைமர் வைக்கலாம். இன்காக்னிட்டோவில் போனால் அது எண்ணாது. ஐபோனில் உள்ளடக்கக் கட்டுப்பாட்டில் இணைய உள்ளடக்கம் போய், வயது வந்தோர் தளங்களைக் கட்டுப்படுத்தும் விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால், "ஒருபோதும் அனுமதிக்காதே" என்று ஒரு பட்டியல் வரும். அதில் முகவரியைச் சேருங்கள். சஃபாரியின் பிரைவேட் டேபும் காணாமல் போகும், இரட்டை லாபம்.

எல்லா பிரவுசருக்கும் சேர்த்து ஒரே அடியாக என்றால் பிரைவேட் டிஎன்எஸ். தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் வேலையை, நாம் சொல்லும் சேவையிடம் ஒப்படைக்கும் செட்டிங் இது. ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் செட்டிங்ஸில் இருக்கிறது. நெக்ஸ்ட்டிஎன்எஸ் போன்ற ஒரு சேவையில் கணக்கு தொடங்கி, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் என்று டிக் அடித்து, அவர்கள் தரும் பெயரை அந்த இடத்தில் எழுத வேண்டும். ஒரு பக்கவிளைவு சொல்லி வைக்கிறேன். ரயில் நிலைய வைஃபையில் நம்பர் கேட்கும் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கலாம். அப்போது பிரைவேட் டிஎன்எஸ்ஸைத் தற்காலிகமாக "தானியங்கி"க்கு மாற்றுங்கள். ஊர் வந்ததும் திரும்ப மாற்ற மறந்துவிடுவீர்கள், நானும் மறந்தேன்.

"அழித்த ஆப்பைப் பிளே ஸ்டோரில் மறுபடி இறக்குகிறேன்"

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரையும் அதே ஆப் லாக்கில் சேருங்கள். ஐபோனில் கட்டுப்பாடுகளில் ஆப் நிறுவுவதை "அனுமதிக்காதே" என்று வைத்தால் ஆப் ஸ்டோர் ஐகானே மறைந்துவிடும். அப்டேட்டுக்காக மாதம் ஒருமுறை சாவிக்காரரைப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு காபி சாப்பிட்டுவிட்டு வரலாம்.

"தடுப்பு ஆப் இரண்டு நாள் வேலை செய்தது, அப்புறம் சும்மா கிடக்கிறது"

இது உங்கள் மனத்தின் குற்றமில்லை, போனின் குணம். தடுப்பு ஆப் பின்னணியில் விழித்துக்கொண்டே இருந்தால்தான், நீங்கள் இன்ஸ்டாகிராமைத் திறக்கும் கணத்தில் குறுக்கே வர முடியும். நம் ஊரில் அதிகம் விற்கும் போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணி ஆப்களைக் கொன்றுவிடும். ராத்திரி தூங்கி எழுந்தால் காவல்காரன் செத்துக் கிடப்பான்.

அந்தத் தடுப்பு ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து "ஆப் விவரம்" போங்கள். பேட்டரி பகுதியில் "கட்டுப்பாடு இல்லை" என்று வையுங்கள். "ஆட்டோ ஸ்டார்ட்" இருந்தால் ஆன். அப்புறம், கடைசியாகத் திறந்த ஆப்கள் வரிசையாக வரும் ரீசன்ட் திரையில் அந்த ஆப்பைப் பூட்டும் குறி இருந்தால் அதையும் போடுங்கள். "எல்லாவற்றையும் மூடு" என்று அழுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது அவசியம். போனை ஒருமுறை அணைத்துப் போட்டு, தடுப்பு வருகிறதா என்று சோதியுங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் அக்சஸிபிலிட்டி அனுமதியைப் பாருங்கள். அப்டேட்டுக்குப் பின் அது அணைந்திருக்கலாம். பிளே ஸ்டோரில் இல்லாமல் வெளியிலிருந்து ஏபிகே கோப்பாக இறக்கிய ஆப் என்றால், ஆண்ட்ராய்டு 13 முதல் அந்த ஸ்விட்சே மங்கலாக இருக்கும். ஆப் விவரத்தின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியில், கட்டுப்படுத்தப்பட்ட செட்டிங்ஸை அனுமதிக்கும் வழி உண்டு. ஆனால் யோசித்துச் செய்யுங்கள். இந்த அனுமதி பெற்ற ஆப்பால் உங்கள் திரையில் உள்ளதைப் படிக்க முடியும். முகம் தெரியாத ஏபிகேவுக்கு இதைக் கொடுத்துவிட்டு ரீல்ஸிலிருந்து தப்பித்தேன் என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

இதே அனுமதியால் இன்னொரு புகாரும் வரும்: தடுப்பு ஆப் போட்டதும் பேங்க் ஆப் திறக்க மறுக்கிறது. சில வங்கி ஆப்கள் அக்சஸிபிலிட்டி அனுமதி உள்ள வேற்று ஆப்களைக் கண்டால் எச்சரிக்கும், அல்லது மூடிக்கொள்ளும். மோசடிக்காரர்கள் இதே அனுமதியைத்தான் கேட்பார்கள் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயம்தான். தடுப்பு ஆப்பைத் தூக்கிவிட்டு, மேலே சொன்ன ஆப் லாக்குக்கோ பிரைவேட் டிஎன்எஸ்ஸுக்கோ மாறுங்கள். விபிஎன் (போனின் இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பும் வசதி) வழியில் தடுக்கும் ஆப் என்றால் இன்னொரு சிக்கல், ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். ஆபீஸ் விபிஎன் போட்டதும் தடுப்பு கழன்றுவிடும்.

"கடைக்கு இன்ஸ்டாகிராம் வேண்டும், ரீல்ஸ் வேண்டாம்"

என் அண்ணி வீட்டிலிருந்தே புடவை விற்கிறாள். ஆர்டரெல்லாம் இன்ஸ்டாகிராம் மெசேஜில்தான் வரும். "ஒரு கஸ்டமருக்கு விலை சொல்லப் போறேன்பா, நிமிர்ந்து பார்த்தா சோறு தீஞ்சிருக்கு" என்றாள். அவளிடம் போய் ஆப்பை அழி என்று சொல்ல முடியுமா?

மெட்டா பிசினஸ் சூட் என்று அதே நிறுவனத்தின் இன்னொரு ஆப் இருக்கிறது. தொழில் கணக்காக மாற்றியிருந்தால், போஸ்ட் போடுவது, மெசேஜுக்குப் பதில், கமெண்டுக்குப் பதில் எல்லாம் அதிலேயே முடியும். ரீல்ஸ் ஓடும் திரை அதில் இல்லை. அண்ணியின் போனில் அதைப் போட்டுவிட்டு, இன்ஸ்டாகிராமை எடுத்து அண்ணனின் பழைய போனில் போட்டோம். அந்தப் போன் பூஜை அறைக்குப் பக்கத்து அலமாரியில் சார்ஜில் இருக்கும். ஸ்டோரி போட வேண்டுமென்றால் மதியம் அங்கே நின்றுகொண்டே போடுவாள். உட்கார நாற்காலி இல்லை, அது வேண்டுமென்றே செய்ததுதான்.

ஆப் இருந்தே தீர வேண்டும் என்பவர்கள், முகப்பில் இன்ஸ்டாகிராம் என்ற பெயரைத் தொட்டு "ஃபாலோயிங்" போனால் நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவு மட்டும் வரும். முகப்பில் முளைக்கும் பரிந்துரைகளை 30 நாளுக்கு நிறுத்தி வைக்கும் வசதியும் செட்டிங்ஸில் உண்டு. 31ஆம் நாள் திரும்ப வந்துவிடும், காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

"யூடியூபை நீக்கவே முடியவில்லை. பையன் படிப்புக்கும் வேண்டும்"

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் யூடியூப் கூடவே பிறந்தது. அழிக்க முடியாது, ஆப் விவரத்தில் "முடக்கு" என்று செய்யலாம். படிப்புக்கு வேண்டுமென்றால் முடக்க வேண்டாம். பார்த்த வீடியோ வரலாற்றை அணைத்து, பழையதையும் அழித்துவிடுங்கள். 2023 ஆகஸ்ட் முதல், வரலாறு இல்லாதவர்களுக்கு யூடியூப் முகப்பில் பரிந்துரை காட்டுவதில்லை. திறந்தால் வெறும் தேடல் பெட்டி. "பித்தகோரஸ் தேற்றம்" என்று தட்டச்சு செய்தால் அது வரும், அவ்வளவுதான். எனக்கு இருந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தைப் பாதியாகக் குறைத்தது இந்த ஒரு ஸ்விட்ச். மறுபடி ஏறினால் வரலாறு ஆன் ஆகிவிட்டதா என்று பாருங்கள். வேறு கூகுள் கணக்கில் நுழைந்திருந்தால் அதற்குத் தனி வரலாறு.

"என் பிரச்சினை வாட்ஸாப்தான்"

வாட்ஸாப்பைப் பூட்டச் சொல்ல மாட்டேன், ஸ்கூல் குரூப்பிலிருந்து கேஸ் ஏஜென்சி வரை அதில்தான். குடும்பக் குரூப், பள்ளி நண்பர் குரூப் எல்லாவற்றையும் "எப்போதும்" என்று மியூட் செய்து ஆர்க்கைவில் தள்ளுங்கள். புது மெசேஜ் வந்தாலும் ஆர்க்கைவிலேயே இருக்கும்படி சாட் செட்டிங்ஸில் வைக்கலாம். சித்தப்பா அனுப்பும் ரீல்ஸ் இணைப்பு இன்ஸ்டாகிராம் ஆப்புக்குத் தாவுகிறதென்றால், ஆப் விவரத்தில் "இயல்பாகத் திற" பகுதியில் அதை அணையுங்கள்.

"திரையைக் கருப்பு வெள்ளை ஆக்கினேன், பயனில்லை"

எனக்கும் இல்லை. முதல் வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் கண் பழகிவிட்டது. கூடவே, ஆன்லைனில் வாங்கிய பச்சைச் சட்டை நீலமாக வந்து சேர்ந்தது.

"கணக்கை முடக்கினேன். தானாகத் திரும்பிவிட்டது"

ஃபேஸ்புக் என்றால், வேறு ஏதாவது ஆப்பில் "ஃபேஸ்புக் மூலம் நுழைக" என்று அழுத்தியிருப்பீர்கள். அது போதும், கணக்கு உயிர்த்தெழுந்துவிடும். அந்த ஆப்களில் முதலில் மின்னஞ்சல் வழியாக நுழையும் முறைக்கு மாறிவிட்டு அப்புறம் முடக்குங்கள். எக்ஸ் தளத்தில் நேர்மாறான ஆபத்து. அங்கே முடக்குவது தற்காலிகம் கிடையாது, 30 நாள் உள்ளே வராவிட்டால் கணக்கு போயே போய்விடும்.

"பகலில் சரி, ராத்திரிதான்"

செட்டிங்ஸால் நான் ஜெயிக்காத இடம் இது. குறித்த நேரத்தில் போனை அடக்கும் பெட்டைம் மோடு, டவுன்டைம் எல்லாம் வைத்துப் பார்த்தேன். தூக்கம் வராதவனுக்கு எந்தக் கோடும் ஒரு பொருட்டில்லை. கடைசியில் சார்ஜரை ஹாலுக்கு மாற்றினேன். "அலாரத்துக்குப் போன் வேணுமே" என்ற சாக்கை ஒழிக்க ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினேன். அதன் டிக் டிக் முதல் இரண்டு ராத்திரி எரிச்சலூட்டியது. அவசர அழைப்புக்குப் பயந்தால் ரிங் சத்தத்தை முழுதாக வைத்துவிட்டு, மற்ற நோட்டிஃபிகேஷனை மட்டும் அணையுங்கள்.

"எல்லாம் அடைத்தும் மொத்த நேரம் குறையவில்லை"

முதலில் எழுதிய தாளை எடுத்து, இன்றைய கணக்கோடு ஒப்பிடுங்கள். இன்ஸ்டாகிராம் இருந்த இடத்தில் கிரிக்கெட் ஸ்கோரோ, செய்தி ஆப்போ, புடவைக் கடை ஆப்போ உட்கார்ந்திருக்கும். இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. ஜூலையில் இங்கே ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூபின் ஷார்ட்ஸ். அரசாங்கம் போட்ட பூட்டுக்கே கட்டைவிரல் மூன்று மாதத்துக்குள் மாற்று வழி கண்டுபிடித்துவிட்டது. புதிதாக உட்கார்ந்த ஆப்புக்கும் மேலே சொன்ன அதே வைத்தியம்தான். நான் இரண்டாவது சுற்றில் நிறுத்திக்கொண்டேன். மூன்றாவதாக வந்தது சதுரங்க ஆப், அது இருக்கட்டும் என்று விட்டேன்.

"கோடு மறந்துவிட்டது"

ஐபோனில் மீட்புக் கணக்கு கொடுத்திருந்தால், பாஸ்கோட் மறந்துவிட்டது என்று அழுத்தி மீட்கலாம். கொடுக்கவில்லையென்றால் போனை முழுதாக அழித்துப் புதிதாக அமைக்க வேண்டிவரும். ஆண்ட்ராய்டு ஆப் லாக்கில் அந்த நிறுவனத்தின் கணக்கை இணைத்திருந்தால் அதன் வழியே மாற்றலாம், இல்லாவிட்டால் இங்கேயும் ஃபேக்டரி ரீசெட்தான் மிஞ்சும். எனவே சாவிக்காரர் மனத்தில் மட்டும் வைத்திருக்கக் கூடாது, எழுதி வைக்க வேண்டும்.

எங்கே என்பதையும் யோசித்துச் செய்யச் சொல்லுங்கள். அக்கா முதல் தடவை அதை ஹாலில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில், பொங்கல் தேதித் தாளின் பின்னால் எழுதி வைத்தாள். பொங்கலுக்கு மறுநாள் காலையில் அத்தான் குளித்துவிட்டு வந்து, வழக்கம்போல் தாளைக் கிழித்து, அதில் விபூதி மடித்துக் கோவிலுக்கு எடுத்துப் போய்விட்டார். இப்போது கேஸ் புத்தகத்தின் அட்டைக்குள் இருக்கிறதாம்.